‘கன்வே’யும் ‘இன்ஃபார்ம்’மும்: வாசகர் கேள்விகள்

‘ப்ளீஸ் கன்வே மீ த டீடெய்ல்ஸ்’ என்று மின்னஞ்சலில் எழுதலாமா?

கூடாது. ‘கன்வே’ என்றால் ஒரு செய்தியை ஒருவரிடம் சேர்ப்பித்தல். அதை அடுத்து வரவேண்டியது செய்தி, ஆள் அல்ல. ஆளைக் கடைசியில் ‘டு’ போட்டுச் சேர்க்க வேண்டும். தமிழில் ‘எனக்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘கு’ உருபு இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘மீ’ என்றாலே ‘எனக்கு’ ஆகிவிடும் என்று நினைத்து ‘டு’வை விட்டுவிடுகிறோம். ‘டெல் மீ’, ‘கிவ் மீ’ இரண்டும் சரியாக இருப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்ற பிழையும் இப்படி வந்ததுதான். அங்கும் ‘டு மீ’ வேண்டும்.

விவரம் கேட்க ‘சென்ட் மீ த டீடெய்ல்ஸ்’ போதும். ஒருவர் வழியாக இன்னொருவருக்குச் சேர்ப்பிக்கும்போது ‘கன்வே’ அழகாகப் பொருந்தும்: ‘ப்ளீஸ் கன்வே மை ரிகார்ட்ஸ் டு யுவர் ஃபாதர்.’

‘ஐ வாஸ் கன்வேய்டு தட்…’ என்று அலுவலகக் கடிதங்களில் பார்க்கிறேன். சரியா?

தவறு. ‘கன்வே’வுக்கு ஏற்றிச் செல்லுதல் என்ற பொருளும் உண்டு: ‘த பஸ் கன்வேய்டு அஸ் டு த ஹோட்டல்.’ இப்படிச் செய்தியைப் பெறும் ஆளை எழுவாயாக வைத்தால் அந்தப் பொருள்தான் முன்னே வரும். உங்களை எங்கோ வண்டியில் கொண்டுபோனதாகப் படும். ‘ஐ வாஸ் இன்ஃபார்ம்டு தட்…’ என்று எழுதுங்கள். ‘இன்ஃபார்ம்’ இதற்கு நேரெதிர். அதில் ஆள் நேரடியாக வருவார், செய்திக்கு முன்னால் ‘ஆஃப்’, ‘அபௌட்’ அல்லது ‘தட்’ வரும். அதனால் ‘இன்ஃபார்ம் டு ஹிம்’ என்பதும் பிழை.

‘கன்வே அபௌட் த டிசிஷன்’?

‘அபௌட்’ வேண்டாம்.

‘எக்ஸ்பிரஸ்’, ‘கன்வே’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மனத்தில் உள்ளதை வெளிப்படுத்தினாலே ‘எக்ஸ்பிரஸ்’. அது எதிரில் இருப்பவரைப் போய்ச் சேர்ந்தால்தான் ‘கன்வே’. ஒருவர் கோபத்தைக் கொட்டிவிட்டு, காரணத்தை உணர்த்தாமலே போகலாம். அப்போது ‘எக்ஸ்பிரஸ்’ நடந்தது, ‘கன்வே’ நடக்கவில்லை. பேசுபவர்தான் எழுவாயாக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு படம், குரல், நிறம்கூட உணர்வைக் ‘கன்வே’ செய்யும்.

ஆங்கிலக் கிரயப் பத்திரத்தில் இந்தச் சொல் ஏன் வருகிறது?

அங்கே அதற்குச் சொத்துரிமையை மாற்றிக் கொடுத்தல் என்று பொருள். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், பிரிவு 2(10)இல் ‘கன்வேயன்ஸ்’ என்பதை வரையறுக்கிறது. சம்பளச் சீட்டில் வரும் ‘கன்வேயன்ஸ் அலவன்ஸ்’ போக்குவரத்துப் படி. அதற்கும் பத்திரத்துக்கும் தொடர்பில்லை.

இறந்தகாலத்தில் எழுத்து மாறுமா?

மாறாது. ‘ஒய்’க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் ‘ஈடி’யை அப்படியே சேர்க்கலாம். ‘கேரி’யில் ‘ஒய்’, ‘ஐ’ ஆவதுபோல் இங்கே ஆகாது.