எட்டாயிரம் ரூபாய் அட்டை

அன்புள்ள ஐயா,

பெருமாள்மலையில் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பழைய நாகஸ்வரப் பதிவுகள் கேட்பது வழக்கம். 300 ஓம் ஹெட்போனுக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கப் போகிறேன். அதற்குள்ளேயே டிஏசி, அதாவது டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் சில்லு உள்ள அட்டை, போட்டுத் தர எட்டாயிரம் கூடுதல். 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் நுணுக்கம் என்கிறார்கள். இப்போது லேப்டாப்பிலும், போனில் டாங்கிள் (ஹெட்போன் செருகும் சின்ன இணைப்பு முனை) மாட்டியும் கேட்கிறேன். அட்டை போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆம்ப் வாங்குங்கள். 300 ஓம் என்றால் மின்தடை அதிகம், அந்த ஹெட்போனைப் பெரும்பாலான போன்களால் போதிய சத்தத்தில் ஓட்ட முடிவதில்லை. அட்டை இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் டாங்கிள் யுஎஸ்பி-சி என்றால், அந்தக் கட்டைவிரல் நக அளவு முனைக்குள் பெரும்பாலும் ஒரு டிஏசி இருக்கும். அதிலிருந்து ஆம்புக்கு ஒயர் போட்டு, போனில் சத்தத்தை முழுசாக வைத்துவிட்டு, ஆம்பில் கூட்டிக் குறையுங்கள். சிடியே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான், அதற்கே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபெல் வீச்சு உண்டு. நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை காலத்து இசைத்தட்டுகளில் ஊசி உரசும் சத்தமே அந்த மெல்லிய ஒலிகளை மூடிவிடுகிறது. அந்தச் சரசரப்பைக் கேட்க 32 பிட் எதற்கு?

லேப்டாப் சங்கதி வேறு. பாட்டு எதுவும் ஓடாமல், ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டி, மவுஸை நகர்த்திப் பாருங்கள். கூடவே கிர்ர் என்று கேட்டால் லேப்டாப்புக்குள் இருக்கும் மின் இரைச்சல் ஒலியில் கலக்கிறது. வெளி டிஏசிக்குக் காசு போடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல் என்றால் அவசரப்படாதீர்கள். என் வீட்டில் அது மாசக்கணக்கில் இருந்தது. டிஏசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு டிசம்பர் ராத்திரி, கெட்டிலில் வெந்நீர் வைக்க வீட்டில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினார்கள். இரைச்சல் பட்டென்று நின்றது! சார்ஜருக்கும் ஆம்புக்கும் நடுவே எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகி, அதில் ஓடிய மின்சாரம் இரைச்சலாகக் கேட்டிருக்கிறது. யுஎஸ்பி ஒயரிலும் கிரவுண்ட் கம்பி உண்டு என்பதால் அட்டை போட்டாலும் இது போகும் என்று சொல்ல முடியாது. ஆப்டிகல் ஒயர் என்றால் வெளிச்சம் மட்டும்தான் போகும், அந்த வழி அடைபட்டுவிடும். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டினாலும் சரி. அது இலவசம்.

என் பழைய ஆம்பில் டிஏசி உள்ளேயே இருந்தது. யுஎஸ்பி பகுதி மட்டும் பழுதாக, மொத்தப் பெட்டியையும் பார்சல் கட்டிச் சென்னைக்கு அனுப்பினேன். திரும்பி வர இரண்டு மாதம். அனலாக் ஆம்ப் இருபது வருஷம் ஓடும். யுஎஸ்பி, சில்லு, டிரைவர் மென்பொருள் எல்லாம் அதற்குள் பலமுறை மாறிவிடும். மேசையில் ஒரே பெட்டிதான் இருக்க வேண்டும் என்றால் அட்டை வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒலிக்காக என்றால் தனி டிஏசி பின்னால் வாங்கிக்கொள்ளலாம். பிற்பாடு அட்டை செருக இடம் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் ஒப்பிட்டுக் காட்டினால் இரண்டின் சத்தமும் ஒரே அளவா என்று பாருங்கள். துளி கூடுதலாக ஒலிப்பதே பெரும்பாலும் நல்ல ஒலி என்று காதுக்குப் படும். பெருமாள்மலையிலிருந்து நான் இருக்கும் கொடைக்கானலுக்கு அரை மணிதானே, ஒரு ஞாயிறு டாங்கிளோடு வாருங்கள். அதையும் என் டிஏசியையும் சத்தம் சமமாக வைத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடுகிறேன். அதற்குப் பிறகும் எட்டாயிரம் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள்.