மதியத்துக்கு மேல் அவன் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். 35 வருடம் ரப்பர் தோட்டத்தில் உழைத்து, மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக, ஓய்வு பெற்றவன். வயது 63. மூன்று வருடத்துக்கு முன்பு, தீபாவளிக்கு மறுநாள், என் ஒரே மகன் கூட்டாளிகளோடு ஆற்றுக்குப் போய்ப் பாறை மேலிருந்து தலைகீழாகக் குதித்தான். சின்ன வயதிலிருந்து குதிக்கிற இடம்தான். அன்றைக்கு இடுப்பளவுத் தண்ணீர்கூட இல்லை. கழுத்தெலும்பு உடைந்துவிட்டது. சி 6, அதாவது கழுத்தின் ஆறாவது எலும்புப் பக்கம் நரம்பு அடிபட்டிருக்கிறது என்றார்கள். தோளும் கையும் ஓரளவு அசையும், விரல் மடங்காது, நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இப்போது அவனுக்கு 26 வயது. என் மனைவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் மதியம் இரண்டு மணி ஷிப்ட், இரவு பத்தரைக்குத்தான் வீடு வருவாள். குளிப்பாட்டுவது, டியூப் விட்டுச் சிறுநீர் எடுப்பது எல்லாம் அவள்தான். அவள் வரும்வரை நான் துணைக்கு இருப்பேன். பையன் தங்கமானவன். யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று மதியத்துக்கு மேல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். சில நாள் சாயங்காலம் தலைவலி என்பான், பெனடோல் கொடுப்பேன். வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடப்பான் என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். ஒரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஆகுமாம். வீட்டை விற்கலாமா? வேலையில் நடந்த விபத்து இல்லை என்பதால் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதிப் பணமும் கிடைக்காதாம். எனக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளைக்கு ஏன் இந்தக் கதி?

பதில்: ஐயா, வீட்டை விற்காதீர்கள். நசுங்கிப் போன முதுகுத்தண்டு நரம்பை ஊசி போட்டு மீட்டு நடக்க வைக்கும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இன்றைக்கு எந்த நாட்டிலும் இல்லை. ஆராய்ச்சி நடக்கிறது. ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பவர்கள் உங்களிடம் ஒரு லட்சத்து இருபதாயிரம் கேட்க மாட்டார்கள். 1960-இல் உங்கள் ஊர்க்காரர், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன், ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டத்து மக்களிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். அந்தப் பத்து வெள்ளிகள் சேர்ந்துதான் துண்டாடப்பட இருந்த தோட்டங்களை வாங்கின. அப்படிச் சேர்த்துச் சேர்த்துத் தலைக்கு மேல் ஒரு கூரை கண்ட சனம் நாம். அதை முகம் தெரியாத ஒருவரின் வாட்ஸ்அப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டு, படுத்திருக்கும் பிள்ளையோடு வாடகை வீடு தேடப் போகிறீர்களா? அந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

இனி நான் கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு வரியைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். மதியத்துக்கு மேல் பையன் தண்ணீர் குடிக்க மாட்டான், தங்கமானவன் என்று. அதைப் படித்த பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்ப வந்து, உங்கள் மனைவியின் ஷிப்ட் நேரத்தை அதன் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றரை மணிக்கு அவர் கிளம்புகிறார். கிளம்பும் முன் டியூப் விட்டு எடுத்திருப்பார். திரும்புவது பத்தரைக்கு. நடுவில் ஒன்பது மணி நேரம். வெளியே வெயில் கொதிக்கிற அந்தப் பகல் முழுக்க 26 வயதுப் பையன் நாக்கு வறண்டு படுத்திருக்கிறான். அம்மா வீட்டில் இருக்கும் காலையில் குடிக்கிறான். நீங்கள் மட்டும் இருக்கும்போது குடிப்பதில்லை. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்கிறீர்களே, அந்த ‘யாருக்கும்’ யார், ஐயா? அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்தானே!

கோபப்படாமல் கேளுங்கள். கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்புவது தெரியாது, தானாக ஒழுங்காக வெளியேறவும் செய்யாது. அதனால்தான் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். ஒன்பது மணி நேரம் விட்டால் பை விரியும், கிருமி சேரும், சிறுநீர் பின்னுக்கு ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குடிக்காமல் இருந்தாலோ சிறுநீர் கெட்டியாகிக் கல் பிடிக்கும், மலச்சிக்கலும் வரும். உங்கள் மகன் எந்தப் பக்கம் போனாலும் அடி. அவன் பார்த்து யோசித்து, தாகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். உங்களைக் கூப்பிடுவதைவிட அதுவே பரவாயில்லை என்று முடிவு செய்திருக்கிறான்.

நான் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பெயர்களில் ஒன்று லுட்விக் குட்மன். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கியவர். அதற்கு முன்னால் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஓரிரு வருடத்துக்குள் இறந்துபோனார்கள். உயிரை எடுத்தது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். குட்மன் கையில் அதிசய மருந்து இருக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வை, சிறுநீரைக் கவனி, வேலை கொடு, விளையாட வை என்றார். பிழைத்தார்கள். உங்கள் மகனும் இந்த மூன்று வருடம் அப்படித்தான் பிழைத்திருக்கிறான். இரவில் அவனைப் புரட்டிப் படுக்க வைப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டாம், எனக்குத் தெரியும். பத்தரைக்கு வேலையிலிருந்து வருகிற அந்த அம்மாதான்.

அடுத்தது அந்தத் தலைவலி. இதை இன்றைக்கே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், உயிர் விஷயம். கழுத்தில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலும், மலம் கட்டினாலும், உடம்பில் எங்காவது அழுத்தினாலும் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவக்கும், அடிபட்ட இடத்துக்கு மேலே வேர்த்துக் கொட்டும். அவர்களுக்குச் சாதாரணமாகவே 90, 100 என்று குறைவாக இருக்கும் என்பதால், 140, 150 வந்தாலே ஆபத்து. கவனிக்காமல் விட்டால் வலிப்பும் மூளையில் ரத்தக் கசிவும் வரும். பெனடோல் இதற்கு மருந்தே கிடையாது. உடனே அவனை நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், படுக்க வைக்கவே கூடாது. இடுப்பில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். சிறுநீரை எடுங்கள். குறையவில்லை என்றால் ஆம்புலன்ஸ், 999. ‘ஆட்டோனொமிக் டிஸ்ரிஃப்லெக்சியா’ என்று ஒரு அட்டையில் எழுதச் சொல்லி அவன் தலைமாட்டில் வையுங்கள். அவசரப் பிரிவில் இதைப் பார்த்திராத இளம் டாக்டர்களும் இருப்பார்கள். சாயங்காலம் தலைவலி வருகிற நாட்களில் அவன் கடைசியாகச் சிறுநீர் எடுத்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வருகிற பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, எனக்குக் கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனையோ தகப்பன்மார் எனக்கு இதையே எழுதிவிட்டார்கள். ஸ்ட்ரோக் வந்த மகன், மோட்டார் சைக்கிளில் விழுந்த மகன், செம்பனை மரத்திலிருந்து விழுந்த மகன், எல்லாருடைய அப்பாவும் கொள்ளியைப் பற்றித்தான் முதலில் பேசுகிறார்கள். உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லாத வீட்டில், நீங்கள் செத்த பிறகு யார் குடம் உடைப்பார்கள் என்ற கவலை என்ன கவலை? மகன் அப்பாவுக்குச் செய்வதுதான் முறை என்று வளர்ந்தோம், நானும் அதை நம்புகிறவள்தான். ஆனால் யாருக்கு முடியவில்லையோ அவர்களுக்கு முடிந்தவர்கள் செய்ய வேண்டும். அப்பா, மகன் என்ற வரிசை அதற்குப் பிறகுதான். உங்கள் மகன் குழந்தையாக இருந்தபோதும் நீங்கள் துடைத்துக் கழுவியிருக்க மாட்டீர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, தோட்டத்துப் பெயர் கூப்பிடலுக்கு, ஓடினீர்கள், பிள்ளையை ஆயாக் கொட்டகை பார்த்தது, மிச்சத்தை அவன் அம்மா பார்த்தார். அதற்கு நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன், அந்த வேலை அப்படி. இன்றைக்கு உங்களுக்குப் பெரட்டு இல்லை.

பல வருடங்களுக்கு முன்னால் என் வார்டில் ஒரு பையன் இருந்தான். ஈயலம்பக் குட்டையில், பழைய ஈயச் சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரில், குதித்தவன். மண்டையின் இரண்டு பக்கமும் இடுக்கி மாட்டி, கயிற்றில் எடை தொங்கவிட்டு, அசையாமல் வாரக்கணக்கில் படுக்க வைத்த காலம் அது. அவன் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் வீட்டில் யாராவது டியூப் விடக் கற்றுக்கொள்ள வேண்டும், அம்மா உயிரோடு இல்லை. அந்த மனிதர் முதல் நாள் கதவருகிலேயே நின்றார். இரண்டாம் நாள் கைகழுவும் தொட்டியில் நின்று கையைக் கழுவினார், கழுவினார், நகத்தடியில் ஒட்டியிருந்த ரப்பர் பால் கறுப்பு போகவே இல்லை. அழுக்கு இல்லையம்மா, பால் கறை, போகாது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். கையுறை கொடுத்தேன். விரல் நடுங்கியது. பையன் கண்ணை மூடிக்கொண்டான். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, மரத்தில் கத்தியைப் பட்டையோடு மட்டும் இழுப்பீர்களே, காயம் படாமல், அந்த மாதிரி என்றேன். சட்டென்று நடுக்கம் நின்றது. சிறுநீர் பாத்திரத்தில் விழுகிற சத்தம் கேட்டதும் பையன் கண்ணைத் திறந்து, “வந்திருச்சாப்பா?” என்றான். “வந்திருச்சுடா” என்றார். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே தட்டில் மீ கோரெங் சாப்பிட்டார்கள்.

நீங்களும் 35 வருடம் மரத்தோடு பழகிய கை வைத்திருக்கிறவர்தான். இதைப் பத்திரிகையில் படித்துவிட்டுச் செய்துவிடாதீர்கள். எந்த மருத்துவமனை அவனைப் பார்க்கிறதோ அங்கே மறுவாழ்வுப் பிரிவுத் தாதியிடம் போய், எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று கேளுங்கள். சி 6-இல் விரல் மடங்காவிட்டாலும் மணிக்கட்டைப் பின்னால் வளைத்தால் விரல்கள் தானாக மூடிக்கொள்ளும், அந்தப் பிடியை வைத்துச் சாப்பிட, பல் தேய்க்க, எழுதப் பழக்குவார்கள். சிலர் டியூப்பையும் தாங்களாகவே விடக் கற்றுக்கொள்கிறார்கள். மூன்று வருடத்தில் இதெல்லாம் அவனுக்கு யாராவது காட்டினார்களா என்றும் கேளுங்கள்.

சொக்சோவைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் பாதி தெரிந்தவர். வேலை விபத்துத் திட்டம் ஒன்று, இயலாமைத் திட்டம் இன்னொன்று. இரண்டாவது, வேலைக்குச் சம்பந்தமில்லாத விபத்துக்கும் நோய்க்கும் உரியது. உங்கள் மகன் வேலை பார்த்து, போதுமான மாதங்கள் சந்தா பிடித்திருந்தால் இயலாமைப் பென்ஷனுக்கு மனுச் செய்யலாம். எப்போதும் கூட ஆள் வேண்டியவர்களுக்குத் தனி அலவன்ஸும் இருக்கிறது. சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கையோடு சொக்சோ அலுவலகத்துக்கு நேரில் போங்கள். மலாக்காவில் அவர்களுடைய துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள். சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும். பேப்பர் வேலைக்கு அலைவதும் அப்பா வேலைதான், பகலில் நேரம் இருப்பது உங்களுக்கு.

ஏன் இந்தக் கதி என்று கேட்டீர்கள். மழையில் ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது, போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் மேடாகிவிடுகிறது. தலை தரையில் மோதும்போது உடம்பின் எடை முழுவதும் கழுத்து எலும்பில் இறங்குகிறது. ஒரு விநாடிதான். சனியும் இல்லை, செய்வினையும் இல்லை. அந்த ஆற்றில் இன்னும் குதிக்கிற உங்கள் குடியிருப்புப் பையன்களிடம், முதலில் காலை வைத்து இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வாயால் சொன்னால் கேட்பார்கள்.

நாளைக்கு மதியம் ஒரு மணிக்கு, உங்கள் மனைவி ஷிப்டுக்குக் கிளம்பும் முன் டியூப் விடும்போது, அந்த அறைக்குள் போங்கள். போவதற்கு முன் அவனிடம் கேளுங்கள், அவன் உடம்பு அது. “அப்பாவும் கத்துக்கிறேன்டா, சரியா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வெளியே வந்துவிட்டு மறுநாள் திரும்பக் கேளுங்கள். தலையாட்டினான் என்றால் கட்டில் பக்கத்தில் நின்று பாருங்கள், அவர் கையைப் பாருங்கள். கற்றுக்கொண்டு, உங்கள் கையால் தனியாகச் செய்கிற முதல் நாள், மூன்று மணி வெயிலுக்கு அவனுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். குடித்தானா என்று எனக்கு எழுதுங்கள்.