பீன்ஸ் பாட்டிலும் அரை ஏக்கரும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

மூணு வருஷமா மாடில தோட்டம் போடறேன், மொத்தம் ஒரு 600 சதுர அடி இருக்கும். தக்காளி, கத்திரி, பீன்ஸ், கீரைன்னு இந்த தடவ வீட்டுக்குப் போக மிஞ்சி பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்தோம். இப்போ எனக்கு ஒரே எண்ணம்தான், முழு தற்சார்பு. கடைப்பக்கமே போகக்கூடாது. நாலு பேர் இருக்கற குடும்பத்துக்கு அதுக்கு எவ்வளவு இடம் வேணும்? அமெரிக்க எழுத்தாளர் தோரோ தனி ஆளா குளத்தங்கரைல வாழ்ந்து காட்டலையா? வேலையக்கூட விட்டுடலாமான்னு யோசிக்கறேன், மனைவிதான் சிரிக்கறாங்க. சேமிப்பும் ஆரம்பிச்சாச்சு. மிஞ்சின பீன்ஸ வேகவச்சு உப்புத்தண்ணியோட கண்ணாடி பாட்டில்ல அடைச்சு, கொதிக்கற தண்ணில அரை மணி நேரம் வச்சு எடுத்து அலமாரில அடுக்கியிருக்கேன், பாக்கவே அழகா இருக்கு. இன்னும் சில சந்தேகம்: தொட்டி நல்லதா பை நல்லதா? மாவுப்பூச்சிக்கு என்ன தெளிக்கறது? சொந்தமா விதை எடுத்து வைக்கலாமா? பேர் போடாம பதில் சொல்லுங்க.

*

தம்பி,

மத்ததெல்லாம் அப்புறம். மொதல்ல எந்திரிச்சுப் போய் அந்த பீன்ஸ் பாட்டில் அத்தனையையும் அலமாரில இருந்து எடுங்க. திறக்காதீங்க. மோந்து பாக்காதீங்க. நாக்குல ஒரு துளி வச்சுப் பாக்கலாமேன்னு நெனைக்கவே நெனைக்காதீங்க. ரெண்டு பை போட்டு இறுக்கிக் கட்டி, குழந்தைங்களோ நாய் பூனையோ கை வைக்க முடியாத மாதிரி குப்பைக்கு அனுப்பிட்டு வந்து மிச்சத்தப் படிங்க.

பாக்கவே அழகா இருக்குன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சதும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. அந்த பாட்டிலுக்குள்ள என்ன வளரலாம்னு தெரியுமா? கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்னு ஒரு பாக்டீரியா. மண்ணுல சாதாரணமா இருக்கறது. அதோட வித்து இருக்கே, அது கொதிக்கற தண்ணிக்கெல்லாம் சாகாது. தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, அந்த வித்த அழிக்க 116ல இருந்து 121 டிகிரி வேணும், அதுக்குன்னே செஞ்ச பிரஷர் பாத்திரத்துல, இந்த காய்க்கு இத்தனை நிமிஷம்னு சோதிச்சுப் பாத்த கணக்குப்படி. வீட்டு குக்கர்ல ரெண்டு விசில் விட்டுக்கறேன்னு குறுக்கு வழி போகாதீங்க, அது சூடேறி ஆறுற நேரமே வேற. அரை மணி நேரம் கொதிக்க வச்சு நீங்க செஞ்சது என்னன்னா, அதோட போட்டிக்கு இருந்த மத்த கிருமியெல்லாம் கொன்னு, காத்த வெளியேத்தி, புளிப்பே இல்லாத சாப்பாட்ட முன்னாடி வச்சு, மூடியும் போட்டுக் குடுத்திருக்கீங்க. காத்து இருந்தா அது வளராது, புளிப்பு இருந்தாலும் வளராது, நீங்க ரெண்டையும் எடுத்து விட்டுட்டீங்க. அது விடற விஷத்துக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கண்ணு ரெண்டு ரெண்டா தெரியும், இமை தொங்கும், நாக்கு குழறும், முழுங்க முடியாது, அப்புறம் மூச்சு விடற தசை வேலைய நிறுத்தும். பெரும்பாலும் சாப்பிட்ட ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள.

பயமுறுத்தறேன்னு நெனைச்சா நெனைச்சுக்கோங்க. புளிப்ப அளக்கற பிஎச் கணக்குல 4.6ன்னு ஒரு கோடு இருக்கு, அதுக்குக் கீழ, அதாவது நல்ல புளிப்பா இருக்கறத கொதிக்கற தண்ணி முறைல பாட்டில் பண்ணலாம், மேல இருக்கறத கூடாது. பீன்ஸ், சோளம், கிழங்கு, இறைச்சி எல்லாம் கோட்டுக்கு மேல. தக்காளி கிட்டத்தட்ட அந்த கோட்டுலயே நிக்குது, அதனாலதான் லிட்டருக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சை சாறு சேக்கச் சொல்றாங்க, அதுவும் புளிப்பு ஒரே அளவா இருக்கணும்னு பாட்டில்ல விக்கற சாறு. இத எல்லாம் தெரிஞ்சுக்காம மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர் பாட்டில்ல அடைச்சு வேகவச்சு 1810லயே பிரெஞ்சு அரசாங்கத்துகிட்ட பரிசு வாங்கலையான்னு கேப்பீங்க. வாங்கினார், ஏன் கெடலைன்னு அவருக்கும் தெரியாது, அத சொல்ல வேண்டிய பாஸ்டர் அப்போ பொறக்கவே இல்ல. உங்களுக்கு அந்த சாக்கு கிடையாது.

சரி. பீன்ஸ் மிஞ்சினா என்ன பண்றது? நறுக்கி கொதிக்கற தண்ணில 3 நிமிஷம் போட்டு எடுத்து உடனே ஐஸ் தண்ணில முக்கி, வடிச்சு, ஃப்ரீசர்ல வைங்க. இல்லாட்டி பறிக்கவே பறிக்காதீங்க. கொடிலயே விடுங்க. காய் முத்தி, தோல் பழுப்பாகி, ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம் வரும். அப்போ உரிச்சு எடுத்தா பயறு, மூடி வச்சா வருஷக்கணக்கா இருக்கும். செடி தானே உங்களுக்காக காய வச்சுக் குடுக்குது, நீங்க பாட்டில், அடுப்பு, மூடின்னு அலையறீங்க. (சிவப்பு பீன்ஸ்னா ஊறவச்சு, தண்ணிய மாத்தி, தளதளன்னு பத்து நிமிஷமாவது கொதிக்கவிட்டு அப்புறம் வேகவைங்க, அரைவேக்காடா சாப்பிட்டா வயிறு உங்கள மன்னிக்காது.)

இப்போ உங்க கேள்வி. எவ்வளவு இடம் வேணும்.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரின்னு வைங்க. 100 கிராம் தக்காளில 18 கலோரிதான், அப்போ தக்காளிய வச்சே ஒருத்தர் வயிறு நிறையணும்னா தினம் 11 கிலோ திங்கணும். கீரையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நாலு பேருக்கு வருஷத்துக்கு 29 லட்சம் கலோரி, அத தானியமா எடுத்தா கிட்டத்தட்ட 830 கிலோ. உலக சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 4 டன் பக்கம், அப்போ அரை ஏக்கர். எண்ணெய் இல்லாம, பருப்பு இல்லாம, அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்காம, எலிக்குப் பங்கு குடுக்காம வெறும் தானியத்துக்கே அரை ஏக்கர். உங்க 600 சதுர அடி முழுக்க தானியம் போட்டா 22 கிலோ வரும், நாலு பேருக்கு பத்து நாள் சாப்பாடு. அவ்வளவுதான். வேலைய விடாதீங்க. மனைவி சிரிச்சா காரணமாத்தான் சிரிக்கறாங்க.

தோரோவ இழுத்தீங்களே, அவர் 1845ல போய் ரெண்டரை ஏக்கர்ல பெரும்பாலும் பீன்ஸ்தான் போட்டார். திங்கறதுக்குன்னு போடல, அந்த பீன்ஸ மாத்தி அரிசி வாங்கினேன்னு அவரே எழுதி வச்சிருக்கார். குடிசை நின்ன நிலம் கூட நண்பர் எமர்சனோடது. அவர குறை சொல்லல, அவர் மறைக்கவும் இல்ல, படிக்கறவங்கதான் அந்த வரியத் தாண்டிப் போயிடறாங்க.

உங்க கடிதம் வந்தப்போ நான் வேற ஒண்ணு யோசிச்சுகிட்டிருந்தேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதறேன். தற்சார்புன்னு பேச ஆரம்பிக்கற எல்லாரும் ஏன் செடிலயே ஆரம்பிக்கறோம்? விளையற மாசத்துல யாரும் பசியோட இருக்கறதில்ல தம்பி. தக்காளி கொட்டற நேரத்துல உங்க வீட்ல மட்டுமா கொட்டுது, ஊரெல்லாம் கொட்டுது, நீங்களே பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன்னு சொல்றீங்க. செடி ஒண்ணும் தராத மாசத்துல வீட்ல என்ன இருக்குங்கறதுதான் கணக்கு. அத நீங்க மூணு வருஷமா கேட்டுக்கல, கேட்ட ஒரே தடவையும் பாட்டில் அழகா இருக்குன்னு நின்னுட்டீங்க.

எங்கம்மா ஒரு செடி வச்சதில்ல. வைக்க இடமும் இல்ல, ஆசையும் இல்ல. ஆனா வச்சு ஆள்றதுல அவங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது. தானியம் வந்து இறங்கினா உடனே டப்பால கொட்ட விடமாட்டாங்க, மூட்டைக்கு நடுவுல கைய விட்டு ரெண்டு மணி எடுத்து கடிப்பாங்க. டக்குன்னு உடைஞ்சா சரி. பல்லு பதிஞ்சுதுன்னா ஈரம், வெயில்ல போடு. சந்தேகமா இருந்தா கண்ணாடி பாட்டில்ல காஞ்ச உப்பு கொஞ்சம் போட்டு, மேல தானியத்த போட்டு மூடி நல்லா குலுக்கி வச்சிடுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு உப்பு கண்ணாடில ஒட்டியிருந்தா இன்னும் காயலன்னு அர்த்தம். 15 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா உப்பு ஒட்டும்னு நான் ரொம்பப் பின்னாடி படிச்சேன், அவங்களுக்கு சதவீதமெல்லாம் தெரியாது.

சின்ன வயசுல ஒரு தடவ வண்டு விழுந்த தானியத்த கைல வச்சுக் காட்டி, இந்த ஓட்டை எதுக்குன்னு கேட்டாங்க. வண்டு உள்ள போறதுக்குன்னேன். தலைல ஒரு குட்டு. போன ஓட்டைய அது அப்பவே அடைச்சிருச்சுடி, இது வெளிய வந்த ஓட்டைன்னாங்க. நிஜம்தான். பொட்ட வண்டு மணிய குடைஞ்சு ஒரு முட்டைய வச்சு மெழுகு மாதிரி ஒண்ணால பூசிடும், கண்ணுக்குத் தெரியாது. புழு உள்ளயே தின்னு வளந்து, சூடான நாள்ல ஒரு மாசத்துக்குள்ள வண்டா ஓட்டை போட்டு வெளிய வரும். அதனால டப்பாவ எவ்வளவு இறுக்கி மூடினாலும் வண்டு எப்படி வந்துச்சுன்னு தலைய சொறியறோம், அது வரல, வாங்கும்போதே உள்ள இருந்துச்சு. கொஞ்சமா இருந்தா நாலு நாள் ஃப்ரீசர்ல வைங்க, முட்டையும் சாகும். எடுத்ததும் திறக்காதீங்க, ஜில்லுப்பு போனப்புறம் திறங்க, இல்லன்னா வேர்த்து ஈரமாயிடும். நிறைய இருந்தா காத்துப்புகாம அடைக்கணும். 1980கள் கடைசில அமெரிக்காவோட பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரங்க கேமரூன்ல தட்டைப்பயறுக்காக கண்டுபிடிச்சது இது, ஒரு சாக்குக்குள்ள ரெண்டு கெட்டி பிளாஸ்டிக் பை, தனித்தனியா முறுக்கிக் கட்டிட வேண்டியது. மருந்து கிடையாது. உள்ள இருக்கற வண்டே இருக்கற ஆக்சிஜன இழுத்துத் தீத்துட்டு, தின்ன முடியாம சாகும். இத மொதல்ல படிச்சப்போ எனக்கு வந்த சந்தோஷம் எந்த தோட்டத்து போட்டோவப் பாத்தும் வந்ததில்ல.

அம்மாவோட அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் பென்சில்ல தேதி தேதியா இருக்கும். எந்த டப்பா எப்ப நிரப்பினது, எப்ப திறந்தது. புதுசு வந்தா பின்னாடி, பழசு முன்னாடி, நாங்க மாத்தி வச்சா சாமி ஆடிடுவாங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு ஆயிரம் தடவ கேட்ட வீடு அது. சொந்தக்காரங்க கஞ்சம்னு வாய்விட்டே சொல்லியிருக்காங்க, அம்மா பதில் சொன்னதில்ல. அப்பாவுக்கு வருமானம் நின்னு போன ஒரு காலம் இருந்துச்சு, அது எனக்குத் தெரியவே தெரியாது, கல்யாணமாகி பல வருஷம் கழிச்சு பேச்சோட பேச்சா சொன்னாங்க. தட்டுல எதுவும் குறையல, எனக்கு எப்படித் தெரியும்? அந்த தைரியத்துக்கு என்ன பேரு வைப்பீங்க நீங்க, கடைல வாங்கின தானியம்தானேன்னு தற்சார்பு இல்லன்னுடுவீங்களா?

கடைல வாங்கினதாவே இருக்கட்டும், மொதல்ல அத வச்சுப் பழகுங்க. எது எவ்வளவு நாள் தாங்கும்னு கை படியணும். தவிடு நீக்காத அரிசில எண்ணெய் இருக்கு, ஆறு மாசத்துல சிக்கு வாடை அடிக்கும், தீட்டினது வருஷக்கணக்கா இருக்கும். தக்காளிய காயவச்சா 10 கிலோல 1 கிலோ கூட தேறாது. இதெல்லாம் தெரிஞ்சப்புறம் தோட்டத்துல என்ன போடணும்னு உங்களுக்கே புரிஞ்சிடும், பத்து தொட்டி தக்காளில ஆறு குறையும், பீன்ஸும் பூசணியும் வெங்காயமும் ஏறும்.

ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்கால 2 கோடி வீட்டுத்தோட்டம் இருந்துச்சு, அந்த நாட்டோட காய்கறில ஏறக்குறைய 40 சதவீதம் அதுலதான் வந்துச்சுன்னு எல்லாரும் எடுத்துப் போடறாங்க. கூடவே ஊருக்கு ஊரு பொது இடத்துல பிரஷர் பாத்திரத்த வச்சு, ஆளுக்கு ஒரு கூடையோட வந்து, சொல்லிக் குடுக்க ஒருத்தர நிக்க வச்சு, சேந்து பாட்டில் பண்ணினாங்களே, அத யாரும் எடுத்துப் போடறதில்ல. கடைப்பக்கமே போகமாட்டேன்னு வீம்பு பிடிச்ச கூட்டம் இல்ல அது, ரொட்டி மாவு எப்பவும் போல பெரிய பண்ணைலருந்துதான் வந்துச்சு.

தொட்டியா பையான்னா, எது கிடைக்குதோ அது, தண்ணி தேங்காம இருந்தா போதும். மாவுப்பூச்சிக்கு சோப்புத் தண்ணிய இலைக்கு அடிப்பக்கம் அடிங்க, இதுக்கெல்லாம் எனக்கு எழுதணுமா. விதை எடுக்கலாம், ஆனா எஃப்1னு (ரெண்டு ரகத்த கலந்து எடுத்த விதை) போட்ட பாக்கெட்டுல வந்த செடிலருந்து எடுத்தா அடுத்த தடவ அதே காய் வராது. தக்காளியும் பீன்ஸும் பெரும்பாலும் தன்னோட பூவுலயே சூல் கட்டிக்கும், அதனால சுலபம். பூசணி வகைய தேனீ கலந்து விட்டுடும். நல்லா காய வச்சு, குளுமையா வைங்க, 5 டிகிரி சூடு குறைஞ்சா ஆயுசு ரெண்டு மடங்குன்னு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. வெங்காய விதைய மட்டும் வருஷா வருஷம் புதுசு எடுங்க.

அடுத்த கடிதம் எழுதறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போட்டு மூணு மாசம் எழுதுங்க. வீட்ல எது எப்ப திறந்தது, எப்ப தீந்தது, எது கெட்டுப்போய் கொட்டினது. கொட்டினத மறைக்காதீங்க. மனைவியையும் கேளுங்க, அவங்களுக்கு அதுல பாதி ஏற்கனவே மனப்பாடமா இருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது. அந்த நோட்ட போட்டோ எடுத்து அனுப்புங்க, உக்காந்து பேசலாம். செடி போட்டோ அனுப்பாதீங்க, என் போன்ல இடமில்ல.

அன்புடன்,
அக்கா