அய்கிடோ ஹகாமாவைத் திருமணத்துக்கு உடுத்தலாமா?

கேள்வி: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். நவம்பரில் ஜப்பானிய நண்பரின் திருமணம். அய்கிடோ தற்காப்புக் கலைப் பயிற்சிக்கு வாங்கிய கறுப்பு ஹகாமா (இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மடிப்பு வைத்த தொளதொள கீழாடை) இருக்கிறது. அதையே கிமோனோவுக்கு மேல் உடுத்திப் போகலாமா? பிறகு விடுமுறை நாட்களிலும் உடுத்த ஆசை. என் உயரம் 172 செ.மீ.

பதில்: திருமணத்துக்கு அது வேண்டாம். பயிற்சி ஹகாமா பெரும்பாலும் டெட்ரான் என்ற செயற்கை இழைத் துணி. விழுந்து புரண்டு எழுவதற்கென்றே தைத்தது. பட்டு கிமோனோவோடு சேர்ந்தால் அது தனியாகத் தெரியும். அவுரிச் சாயமிட்ட பருத்தி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: வெள்ளை தாபி காலுறையில் நீலம் ஏறிவிடும்.

அதற்காக, கடையில் முதலில் எடுத்துக்காட்டும் கறுப்பு உடையையும் வாங்கிவிடாதீர்கள். முதுகு நடுவில் ஒன்று, கைகளின் பின்புறம் இரண்டு, மார்பில் இரண்டு என ஐந்து குலச்சின்னம் பதித்த கறுப்பு கிமோனோ, அதே கறுப்பில் ஹாவோரி மேலங்கி, கோடு போட்ட செந்தாய்ஹிரா பட்டு ஹகாமா: இதுதான் ஆண்களுக்கான உச்ச சம்பிரதாய உடை. 1968இல் எழுத்தாளர் கவாபத்தா யசுனாரி நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் மேடை ஏறியது குலச்சின்னமிட்ட ஹாவோரி, ஹகாமாவில்தான். திருமணத்தில் அது மாப்பிள்ளைக்கும் அப்பாக்களுக்கும் உரியது. விருந்தாளி அதே கோலத்தில் வந்து நின்றால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள்.

உங்களுக்குப் பொருந்துவது ஒரே நிறத்தில் (சாம்பல், அடர்நீலம், பாசிப்பச்சை) முதுகில் மட்டும் ஒரு சின்னம் உள்ள கிமோனோ, அதற்கேற்ற ஹாவோரி, மெல்லிய கோடு போட்ட பட்டு ஹகாமா. நவம்பர் என்பதால் கிமோனோ உள்துணி வைத்ததாக இருக்கட்டும். வெள்ளை தாபி, செத்தா செருப்பு. சொந்தக் குலச்சின்னம் இல்லாததால் வாடகைக்கு எடுப்பதே நல்லது. வாடகைக் கடைகளில் ஒட்டுச் சின்னம் வைத்துத் தருவார்கள்.

ஹகாமாவில் இரண்டு வகை. உமானொரி கால் பிரிந்தது, ஆந்தொன் பாவாடை போலப் பிரிவில்லாதது. நின்றால் வித்தியாசம் தெரியாது, கழிப்பறையில் தெரியும். உமானொரியில் ஒரு காலை அடியிலிருந்து இடுப்புவரை சுருட்டி ஏற்ற வேண்டும். ஒரு முறை வீட்டில் ஒத்திகை பாருங்கள்.

நீளத்தை முன்பட்டையின் கீழ் விளிம்பிலிருந்து கணுக்கால் எலும்புவரை அளக்க வேண்டும். கடைகளில் காணும் 23, 24, 25 என்ற எண்கள் பழைய துணி அளவான குஜிரா கணக்கு. முறையே சுமார் 87, 91, 95 செ.மீ. உங்கள் உயரத்துக்கு 24 அல்லது 25 வரலாம். கிமோனோவின் இடுப்புப் பட்டையான ஒபியைக் கட்டிய பிறகே அளந்து முடிவு செய்யுங்கள்.

உடுத்துவதில் பாதி வேலை ஒபியில் முடிந்துவிடும். ஒபி முன்னால் தொப்புளுக்குக் கீழும் பின்னால் உயர்ந்தும் இருக்க வேண்டும். ஒல்லியான உடம்பு என்றால் வயிற்றில் ஒரு துண்டை மடித்து வைத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் உட்கார்ந்து எழும்போது எல்லாம் சரியும். பின்முடிச்சு கிடைக்கோடாகத் தட்டையாக இருக்கட்டும், அதன் மேல்தான் ஹகாமாவின் முதுகுப்பலகை உட்காரப் போகிறது. உமானொரி என்றால் கிமோனோவின் பின் விளிம்பைத் தூக்கி ஒபியில் செருகிவிடுங்கள். செருகாவிட்டால் நடையில் தடுக்கும், கீழேயும் எட்டிப்பார்க்கும்.

இடது காலை முதலில் நுழையுங்கள். முன்பக்கத்தை ஒபி விளிம்பு 1 செ.மீ. வெளியே தெரியும்படி வையுங்கள். நீளமான முன்கயிறுகளைப் பின்னால் கொண்டுபோய் ஒபி முடிச்சுக்கு மேலே குறுக்காக மாற்றி, முன்னால் கொண்டுவந்து, மேல் விளிம்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே இன்னொரு முறை குறுக்காக மாற்றி, பின்னால் ஒபி முடிச்சுக்கு அடியில் கட்டுங்கள். அடுத்து பின்பக்கம்: பலகைக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு போன்ற ஹெராவை ஒபிக்குள் செருகி, பலகையை முடிச்சின் மேல் உட்காரவைத்து, பின்கயிறுகளை முன்னால் கொண்டுவந்து கட்டுங்கள்.

சம்பிரதாய முடிச்சு ஜூமொன்ஜி, அதாவது சிலுவை வடிவம். முதலில் கயிறுகளை இறுக்கிக் கட்டி, ஒரு முனையை ஏழெட்டு செ.மீ. அகலத்தில் மடித்துக் கிடைமட்டமாக வைத்து, மறு முனையை அதன் மேல் செங்குத்தாக இரண்டு சுற்று சுற்றுங்கள். செங்குத்துப் பட்டை கிடைப்பட்டையைவிடக் கொஞ்சம் குட்டையாக இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். மீந்த முனையை இடுப்புக் கயிற்றுக்குள் ஒளித்துவிடலாம்.

பின்பக்கம் இறங்கிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் ஹெரா ஒபிக்குள் போகவில்லை, அல்லது ஒபி முடிச்சு தாழ்ந்திருக்கிறது. முன்கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் அது தீராது. அவிழ்த்துத் திரும்பக் கட்டுவதுதான் வழி. அடிவிளிம்பு முன்னால் பாதத்தின் மேல் லேசாகப் படலாம், பின்னால் ஒன்றிரண்டு செ.மீ. உயரட்டும். படியேறும்போது பக்கப் பிளவுகளில் கைவிட்டு லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டரில் கட்டாயம்.

விடுமுறை நாட்களுக்கு வருவோம். பருத்தி அல்லது கம்பளி கிமோனோ, சின்னம் வேண்டாம், ஹாவோரி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஹகாமாவுக்குப் பருத்தி போதும். கொகுரா நெசவின் நெட்டுக்கோடு எனக்குப் பிடித்த தேர்வு. உள்ளே ஜூபான் என்ற உள்ளங்கிக்குப் பதில் நிமிர்ந்த கழுத்துப்பட்டியுள்ள வெள்ளைச் சட்டை, காலில் கெத்தா மரச்செருப்பு போட்டால், நூறாண்டுக்கு முந்தைய மெய்ஜி, தாய்ஷோ காலத்து மாணவர் தோற்றம் வந்துவிடும். தாபி கறுப்பாகவோ அடர்நீலமாகவோ இருக்கலாம். முன்முடிச்சை வெறும் கிடைக்கோடாகக் கட்டினால் போதும். பளபளக்கும் செந்தாய்ஹிராவை டெனிம் கிமோனோவோடு சேர்த்தால் இரண்டுமே கெடும். யுகாத்தா என்ற மெல்லிய பருத்தி கிமோனோ குளியலுக்குப் பின் உடுத்த வந்த துணி; அதன் மேல் ஹகாமா பொருந்தாது.

உங்கள் அய்கிடோ ஹகாமா இங்கே கைகொடுக்கும். அடர்நிறக் கம்பளி கிமோனோவோடு கறுப்பு டெட்ரான் மோசமில்லை. அதில் ஹெரா இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் ஒபி முடிச்சைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டி, பலகையை அதன் மேல் அழுத்தி உட்காரவையுங்கள்.

வீடு திரும்பியதும் மடிக்க வேண்டாம். ஒரு இரவு தொங்கவிட்டு ஈரம் போனபின், தரையில் பரப்பி முன்பக்கத்தின் ஐந்து மடிப்புகளையும் கையால் நேராக்கிக்கொண்டு மடியுங்கள். பட்டில் இஸ்திரி போட நேர்ந்தால் மேலே ஒரு பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள்.