‘பெட்’ என்றால் காலா, குழந்தையா?

வணக்கம் நண்பரே. பெடஸ்ட்ரியன் பாதசாரி, பீடியாட்ரிஷியன் குழந்தை மருத்துவர். இரண்டும் பி, ஈ, டி என்றே தொடங்குகின்றனவே, வேர் ஒன்றா என்று உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி!

வேர் வேறு. முன்னது, லத்தீனில் காலைக் குறிக்கும் ‘பெஸ்’. பெடல், பெடிக்யூர் எல்லாம் அதன் வழிதான். பின்னது, கிரேக்கத்தில் குழந்தையைக் குறிக்கும் ‘பைஸ்’. பிரிட்டிஷ் முறையில் குழந்தை மருத்துவரை பி, ஏ, ஈ, டி என்று தொடங்குவார்கள். அமெரிக்கர்கள் அந்த ஏ-யை விட்டுவிட்டதால்தான் இந்தக் குழப்பம்.

எனக்கு மிகவும் பிடித்தது வம்சாவளியைக் குறிக்கும் பெடிக்ரி. பழைய பிரெஞ்சில் அது ‘கொக்கின் கால்’! வம்சப் படத்தில் தலைமுறை கிளைபிரியும் கோடு கொக்கின் பாதம் போலவே இருக்கும். மகளிடம் ஒன்று வரைந்து காட்டுங்கள், மறக்கவே மாட்டாள்.