சுபான் – வெபர் பரிமாற்றத்தில் லாபம் யாருக்கு?

நாஷ்வில்லுக்குத்தான், ஆனால் பலரும் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

2016 ஜூன் 29 அன்று, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லில், மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி பி.கே. சுபானைக் கொடுத்து, நாஷ்வில் பிரிடேட்டர்ஸ் அணியிடமிருந்து ஷே வெபரை வாங்கியது. ஆளுக்கு ஆள், இருவரும் வலக்கைத் தடுப்பாட்டக்காரர்கள். சுபானுக்கு வயது 27, வெபருக்கு 30. மறு ஆண்டே நாஷ்வில் லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போனதால் (பிட்ஸ்பர்க்கிடம் தோற்றது) விவாதம் முடிந்ததாகப் பலர் நினைத்தார்கள். ஆனால் 2021இல் வெபர் தலைமையில் மான்ட்ரியலும் இறுதிக்கு வந்து டாம்பாவிடம் தோற்றது. இறுதிப் போட்டியை வைத்துப் பார்த்தால் சமம்.

கணக்கு மாறுவது ஒப்பந்தத்தில். வெபருடையது 14 ஆண்டு, 11 கோடி டாலர். ஊதிய உச்சவரம்பில் (ஓர் அணி ஒரு சீசனில் வீரர்களின் சம்பளத்துக்கு ஒதுக்கக்கூடிய மொத்த வரம்பு) அது ஆண்டுச் சராசரியாக, சுமார் 78.6 லட்சம் டாலராகவே பதிவாகும். கைக்கு வந்ததோ முதல் 4 ஆண்டுகளில் தலா 1.4 கோடி. அந்த 5.6 கோடியைக் கட்டியது நாஷ்வில். மான்ட்ரியலுக்கு மலிவான பிற்பகுதி கிடைத்தது, கூடவே தேய்ந்துபோன உடம்பும். 2021 இறுதிக்குப் பிறகு காயங்களால் வெபர் ஆடவே இல்லை. 2022இல் அவருடைய ஒப்பந்தம் வேகாஸ் அணிக்குப் போனது.

சுபானின் ஆண்டுக்கு 90 லட்சம் டாலர் ஒப்பந்தம் 2022இலேயே முடிவது. நாஷ்வில் மூன்று சீசன் அவரை ஆடவிட்டு, 2019இல் நியூஜெர்ஸி அணிக்கு அனுப்பியது. ஈடாக வந்தது அற்பம்தான்: இரு இளம் வீரர்கள், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் (டிராஃப்ட்) இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகள். ஆனால் உச்சவரம்பில் அந்த 90 லட்சமும் காலியானதே, அதுதான் பெரிது.

ஒரே ஆபத்து: ஒப்பந்தம் முடியும் முன் வெபர் முறைப்படி ஓய்வு அறிவித்திருந்தால், தொடக்கத்தில் அதிகமாகக் கொடுத்த சம்பளத்துக்காக உச்சவரம்பில் அபராதச் சுமை நாஷ்வில் தலையில் விழுந்திருக்கும். அவர் காயப் பட்டியலிலேயே இருந்ததால் நாஷ்வில் தப்பித்தது.