ஒரே மாதிரிக் கேட்கும் குரல்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தோட்டத்தில் காலையிலிருந்து ஒரு குருவி விடாமல் கத்துகிறது. தையல்சிட்டா, சாம்பல் கதிர்க்குருவியா என்று பிரித்தறிய முடியவில்லை.

பதில்: ஒரே சுரத்தை, இடைவெளி பிசகாமல், முப்பது நாற்பது தடவை அடித்துக்கொண்டே போனால் தையல்சிட்டு. உருவத்துக்குச் சம்பந்தமில்லாத சத்தம். தெருக்கோடி வரை கேட்கும். சற்று ஓய்ந்து வேறொரு சுரத்தைப் பிடித்தால் அதையும் அதேபோல அடிக்கும். சாம்பல் கதிர்க்குருவியின் பாட்டு மெலிந்தது. "ஜிமி-ஜிமி-ஜிமி" என்று துள்ளலாக வந்து சட்டென நிற்கும். அப்படியும் சந்தேகம் என்றால் அது பறக்கும்வரை பொறுங்கள். கதிர்க்குருவி புதர்விட்டுப் புதர் தாவும்போது மின்பொறி தெறிப்பதுபோல "கிட்-கிட்" என்று ஒரு சொடுக்குச் சத்தம் எழும். தையல்சிட்டிடம் அது கிடையாது.

கேள்வி: "டிவிட் டிவிட்" என்று கூவுகிறது. என்ன பறவை?

பதில்: எந்த மாதம்? எத்தனை மணிக்கு? தரையிலா, புதரிலா, மர உச்சியிலா? ஒன்றையும் எழுதவில்லை. நீங்கள் எழுதிய இரண்டு எழுத்துக்கு முப்பது பறவையாவது பொருந்தும். குறைந்தது 30 வினாடிப் பதிவு, மாதம், நேரம், உட்கார்ந்திருந்த உயரம் ஆகியவை இல்லாத கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. போன முறையும் இதையே எழுதினேன்.

கேள்வி: பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் சிறு இலைக்குருவிகளான கிரீனிஷ் வார்ப்ளரையும் கிரீன் வார்ப்ளரையும் குரலால் பிரிக்க முடியுமா? இறக்கைக் கோடு தேய்ந்துபோனால் கண்ணால் பார்த்தும் பயனில்லையே.

பதில்: முடியும், பொறுமை இருந்தால். கிரீனிஷின் அழைப்பு ஈரசை: "ட்சிஸ்-லி". கிரீனின் அழைப்பில் நடுவே இன்னொரு வளைவு விழுந்து மூவசையாகும்: "ட்சி-ரி-லி". தொல்லை என்னவென்றால், அவசரத்தில் அழைக்கும் கிரீன் அந்த நடு அசையை விழுங்கிவிடும். ஆகவே ஓர் அழைப்பை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே பறவையின் பத்து அழைப்புகளையாவது பதிந்து, ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டும் படம்) பெரிதாக்கி, கோடு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலானவற்றில் மூன்று தெரிந்தால் கிரீன். கலந்து கிடந்தால் "கிரீனிஷ் அல்லது கிரீன்" என்றே குறித்துக்கொள்ளுங்கள். அது குறைவான பதிவு ஆகாது. மலைக்காட்டில் இரண்டு தெளிவான சுரம், இரண்டாவது உயர்ந்து ஒலித்தால் அது லார்ஜ்-பில்டு லீஃப் வார்ப்ளர் என்னும் வேறொரு இலைக்குருவி. அதை இந்தச் சண்டையில் இழுக்க வேண்டாம்.

கேள்வி: சந்தேகம் வரும்போது கைப்பேசியில் அந்தப் பறவையின் பாட்டைப் போடுகிறேன். உடனே வந்து உட்கார்ந்தால் அதுதான் என்று எழுதிக்கொள்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. இரண்டு விதத்தில் சரியில்லை.

முதலில், அது சான்றே ஆகாது. இடத்துக்குப் போட்டியிடும் நெருங்கிய இனங்கள் ஒன்றின் பாட்டுக்கு மற்றொன்று பாய்ந்து வருவதுண்டு. நீங்கள் போட்ட பதிவின் பின்னணியில் எச்சரிக்கைக் குரலோ சிறு ஆந்தையின் குரலோ இருந்தால், சுற்றுவட்டாரத்துச் சிறு பறவைகள் எல்லாமே கூடிவிடும். மறுபக்கம், கூட்டில் குஞ்சு வைத்திருக்கும் ஆண் உங்கள் கைப்பேசியைச் சட்டை செய்யாமலும் இருக்கலாம். வந்ததும் ஒன்றைச் சொல்லவில்லை, வராததும் ஒன்றைச் சொல்லவில்லை. பக்கத்துத் தடத்தில் யாராவது பதிவு செய்துகொண்டிருந்தால், உங்கள் கைப்பேசிக் குரல் அவர் பட்டியலில் பறவையாக ஏறிவிடும்.

இரண்டாவது, அந்தப் பறவை படும் பாடு. தன் எல்லைக்குள் அந்நியன் ஒருவன் நுழைந்துவிட்டான் என்று நம்பித்தான் அது வருகிறது. இரை தேடுவதையும், பெட்டையையும், கூட்டுக் காவலையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியைத் தேடிக் கிளைகிளையாக அலைகிறது. நீங்கள் போனதும் அடுத்தவர் வந்து அதே பாட்டைப் போடுகிறார். புகழ்பெற்ற பறவைத் தடங்களில் இனப்பெருக்கக் காலம் முழுக்க இதுதான் நடக்கிறது. படம் எடுக்க வந்தவர்கள் செய்தால் திட்டுகிறோம். அடையாளம் காண என்று சொல்லிக்கொண்டு நாமே செய்கிறோம்.

மாற்று வழி கடினமானதல்ல. பாடும் ஆண் தனக்கென்று இரண்டு மூன்று கிளைகளை வைத்திருக்கும். பாட்டு வந்த கிளையைக் குறித்துக்கொண்டு, 20 மீட்டர் தள்ளி, கால் மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். பெரும்பாலும் திரும்பி வரும். வராவிட்டால் மறுநாள் அதே நேரத்தில் போங்கள். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வைரி (சிறு வேட்டைப் பறவை) கூப்பிடுகிறது, தேடினால் வைரியே இல்லை.

பதில்: கரிச்சான். மற்றப் பறவைகளின் குரலை அப்படியே நடித்துக் காட்டும். இரண்டு நிமிடம் கேளுங்கள். வைரி தன் "டி-டூ"வை விட்டு எங்கும் போகாது. கரிச்சான் நடுவில் கரகரப்பான சொந்தக் குரலைக் கலந்துவிடும். காட்டில் ஐந்தாறு இனங்களின் குரல் ஒரே இலைத்தொகுதியிலிருந்து மாறி மாறி வந்தால் துடுப்புவால் கரிச்சானையோ பச்சைச்சிட்டையோ தேடுங்கள்.

கேள்வி: குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி காட்டும் பெயரை அப்படியே பட்டியலில் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று அது சொல்லும். தேட வேண்டியது நீங்கள். மேலே சொன்ன கரிச்சானிடம் அதுவும் ஏமாறும்.

கேள்வி: என் பதிவுகளில் இரைச்சல்தான் அதிகம். என்ன செய்யலாம்?

பதில்: ஒலியைச் சுருக்கிச் சேமிக்காமல் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். கைப்பேசியின் மைக் பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருக்கும். அந்த விளிம்புதான் பறவையைப் பார்க்க வேண்டும், திரை அல்ல. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, விரலை மைக்கிலிருந்து விலக்குங்கள். பத்து மீட்டர் நெருங்கினால் கிடைக்கும் தெளிவை எந்த மென்பொருளும் தராது. பதிவின் கடைசியில் இடம், தேதி, நேரம், உயரம் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். இரைச்சல் நீக்கியை ஓட்டிவிட்டு அனுப்பாதீர்கள், அது மெல்லிய மேல்சுரங்களையும் சேர்த்து அரித்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக இணையுங்கள். குறைந்தது 30 வினாடி.

கேள்வி: எனக்கு வயது 67. நண்பர்களுக்குக் கேட்கும் கீச்சுக்குரல்கள் எனக்குக் கேட்பதில்லை.

பதில்: வயதானால் மேல் அலைவரிசைதான் முதலில் போகும். 6, 7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பாடுபவற்றைக் காதால் துரத்த வேண்டாம் ஐயா. ஸ்பெக்ட்ரோகிராம் திரையில் கோடு ஓடும், பார்த்துக்கொள்ளலாம். சோலைப்பாடி, குண்டுக்கரிச்சான், சீகாரப் பூங்குருவி எல்லாம் கீழ்ச்சுரத்தில் பாடுபவை. அவற்றை உங்கள் காது இன்னும் நன்றாகவே பிரித்தறியும்.

கேள்வி: புதர்வானம்பாடிகளில் ஜெர்டன் எது, இந்தியன் எது?

பதில்: ஜெர்டன், உட்கார்ந்த இடத்திலிருந்தும் பாடும், வறண்ட, உலோகத்தனமான நீண்ட கடகடப்பு. இந்தியன் வானில் ஏறிக்கொண்டே மெல்லிய கீச்சுகளை அடுக்கி, இறக்கையை உயர்த்திக் கால் தொங்க இறங்கும். நீண்ட ஒற்றை விசிலோடு மேலும் கீழுமாகப் பாய்ந்தால் இரண்டுமில்லை, சாம்பல்தலை வானம்பாடி.